குன்னூர் டெய்லர் பாய் தைத்துக் கொடுத்த பை: மலாவி வரை போய்வந்த பிறகு ஒரு மதிப்புரை

முதுகில் மாட்டுகிற பை, அளவு 55 × 35 × 20 சென்டிமீட்டர். பெருக்கினால் முப்பத்தெட்டரை லிட்டர் வரும். தைத்தவர் நாற்பது என்றுதான் சொல்வார், அதற்காக மல்லுக்கு நிற்க வேண்டாம். காலிப் பையின் எடை ஒரு கிலோவும் கொஞ்சமும். மேல்துணி ஆயிரம் டெனியர் கார்டுரா என்கிற கெட்டி நைலான், அடியில் லாரிக்குப் போடும் தார்ப்பாய், ஜிப் பத்தாம் நம்பர் ஒய்.கே.கே. கூலியும் சாமானும் சேர்த்து 2,400 ரூபாய். ரசீது கிடையாது, வாரண்டி அட்டை கிடையாது. எங்காவது பிரிந்தால் கடைக்கு எடுத்துப் போக வேண்டும். திட்டிக்கொண்டே தைத்துத் தருவார். அதுதான் வாரண்டி.

நான் நர்ஸ். பெரும்பாலும் பிரசவ வார்டு. ஒரு தன்னார்வ அமைப்பு மூலமாக மலாவி நாட்டின் தெற்கே முலாஞ்சே மாவட்டத்தில் இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். கூடப் படித்தவர்களில் சிலர் இப்போது இதே மாதிரி கிளம்பத் தயாராகிறார்கள். எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எத்தனை இன்ச் டிராலி வாங்கினே?" டிராலியே வாங்கவில்லை என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது, அதனால் எழுதிவைக்கிறேன்.

டிக்கெட்டில் 23 கிலோ வீதம் இரண்டு பெட்டி, கையில் ஏழு கிலோ என்று போட்டிருந்தது. கூட்டினால் 53 கிலோ. என் எடையே அதற்குப் பக்கம்தான். விமானக் கம்பெனிக்காரன் தூக்குவது பிளாண்டயர் ஏர்போர்ட் வரைக்கும். அதற்கப்புறம் மினிபஸ், மினிபஸ் நிற்கிற இடத்திலிருந்து செம்மண் ரோடு, அங்கே நம்மை ஏற்றிப் போவது சைக்கிள். 28 இன்ச் கெட்டி டிராலி காலியாகவே நாலு கிலோவுக்கு மேல் இருக்கும். அதன் சக்கரம் ஏர்போர்ட் தரைக்குச் செய்தது. சந்தேகம் இருந்தால் பெட்போர்டிலிருந்து குன்னூர் மார்க்கெட் வரைக்கும் ஒரு டிராலியை உருட்டிக்கொண்டு இறங்கிப் பாருங்கள்.

கடைக்கு வருகிறேன். மார்க்கெட்டுக்குள் படி இறங்குகிற பக்கம் இருக்கிறது. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டும். போர்டு கிடையாது. "பேக் தைக்கிற பாய்" என்று கேட்டால் காய்கறிக் கடைக்காரர்கள் கை காட்டுவார்கள். பள்ளிக்கூடப் பைக்கு ஜிப் மாற்றுவதுதான் அவருக்கு அன்றாட வரும்படி. ஆனால் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் சென்டர் இருக்கிறதே, அந்த ஆட்களுக்குக் கிட் பேக் தைத்துப் பழகிய கை. ராணுவத்துக்காரனுக்குத் தைத்தவருக்கு அலங்காரம் வராது, தையல் வரும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

ராணுவத்துப் பழக்கத்தில் ஒரு வினையும் உண்டு. அளவு சொன்னதும் பரணிலிருந்து ஒரு சுருள் துணியை இழுத்துப் போட்டார். பச்சையும் காக்கியுமாகத் திட்டுத் திட்டாக, பட்டாளத்து உருமறைப்புத் துணி.

"கிழியவே கிழியாது சிஸ்டர். கறையும் தெரியாது."

"பாய், இதை மாட்டிக்கிட்டு நான் ஆப்பிரிக்காவுக்குப் போக முடியாது. பிடிச்சு உள்ள வெச்சிருவாங்க."

சிரித்தார், விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து. விளையாட்டு இல்லை. ஜாம்பியா, ஜிம்பாப்வே போன்ற நாடுகளில் பொதுமக்கள் இந்தத் துணியைப் போட்டுக்கொள்வது சட்டப்படி குற்றம். நான் போகிற நாடு ஜாம்பியாவுக்குப் பக்கத்து நாடு, விடுமுறைக்கு எல்லை தாண்டினால் வம்பு. சரி, கருநீலம் எடுக்கட்டுமா என்றார். அதற்கும் வேண்டாம் என்றேன். நீலத்தையும் கறுப்பையும் கண்டால் தூக்க நோய் பரப்புகிற செட்சி ஈ தேடி வரும். அதைப் பிடிக்கிற பொறியையே அங்கே நீலத் துணியிலும் கறுப்புத் துணியிலும்தான் செய்கிறார்கள். முலாஞ்சேயில் அந்த ஈ தொல்லை இல்லை என்றாலும் வன விலங்குப் பூங்கா பக்கம் போனால் உண்டு. கடைசியில் காப்பிப்பொடி நிறத்தில் அரைச் சுருள் மிச்சம் இருந்தது, அதில்தான் தைத்தார். "கலருக்கே இவ்வளவு கேஸ் பேசுறீங்களே, அளவுக்கு என்ன பேசுவீங்களோ" என்று முணுமுணுத்தது காதில் விழுந்தது.

அளவுக்கும் பேசினேன். மேல்வாய் திறக்கிற பை வேண்டாம், பெட்டி மாதிரி மூன்று பக்கமும் ஜிப் ஓடித் திறக்க வேண்டும் என்றேன். மேல்வாய்ப் பையில் அடியில் கிடக்கிற மாத்திரையை எடுக்க மொத்தத்தையும் கட்டிலில் கொட்ட வேண்டியிருக்கும். முதுகுப் பக்கம் லைனிங்குக்குள் ஏ-ஃபோர் ஃபைல் வழுக்கி உள்ளே போகிற மாதிரி ஒரு தட்டையான அறை; நர்சிங் கவுன்சில் பதிவு, டிகிரி, அனுபவச் சான்றிதழ் எல்லாம் மடிப்பு விழாமல் போக வேண்டும். தோளில் மாட்டுகிற பட்டையை உள்ளே தள்ளி மூடிக்கொள்ள ஒரு மடிப்பு. இல்லாவிட்டால் ஏர்போர்ட் பெல்ட்டில் சிக்கி அறுந்துவிடும். ஜிப்பின் இரண்டு தலையிலும் பூட்டுத் துளை. வெளிப் பாக்கெட் ஒன்றுகூட வேண்டாம்.

கடைசியைக் கேட்டதும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டார். "பாக்கெட் இல்லாத பையா? தலகாணி உறைன்னு சொல்லுங்க, தெச்சுத் தரேன்."

அவருக்கு அது தொழில் அவமானம். ஆனாலும் மடியிலும் காலடியிலும் யாரோ ஒருவர் சாமான் இருக்கிற மினிபஸ்ஸில் வெளிப் பாக்கெட் என்பது அடுத்தவர் கைக்கு வைத்துக் கொடுத்தது. தலையணை உறையே இருக்கட்டும் என்றேன்.

அவர் எனக்குக் கற்றுத் தந்த பாடமும் ஒன்று உண்டு. இதற்கு முன்னால் ஆன்லைனில் வாங்கிய ஒரு பெயர் பெற்ற கம்பெனிப் பை என்னிடம் இருந்தது. பீரோவில் வைத்தது வைத்தபடி, இரண்டு மழைக்காலம் தாண்டியதும் உள்பக்கம் பிசுபிசுவென்று ஒட்ட ஆரம்பித்து, அப்புறம் வெள்ளை வெள்ளையாகச் செதில் உரிந்தது. துணியெல்லாம் அந்தச் செதில். அதை அளவுக்காகக் கொண்டுபோயிருந்தேன். பாய் பையை உள்வெளியாகத் திருப்பி நகத்தால் ஒரு கீறு கீறினார், தோல் மாதிரி கழன்று வந்தது. "உள்ள பூசியிருக்கிற பி.யூ. கோட்டிங் சிஸ்டர். நம்ம ஊரு ஈரத்துக்கு நிக்காது. கம்பெனிக்காரன் இதை டெல்லிக்காகச் செஞ்சிருப்பான்." டெல்லி விஷயம் எனக்குத் தெரியாது. பாலியூரித்தேன் பூச்சு ஈரக்காற்றில் நாளாவட்டத்தில் சிதையும் என்பது உண்மை. உபயோகிக்காமல் மூடி வைத்தால் இன்னும் சீக்கிரம். ஊட்டி, குன்னூர், கோத்தகிரியில் இருக்கிறவர்கள் இதைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார்கள். அதனால் என் பைக்குப் பூச்சில்லாத துணி, உள்ளே தனியாகப் பிரித்துத் துவைக்கிற லைனிங், மழைக்கு ஒரு கனமான பாலித்தீன் உறை என்று ஏற்பாடு. உறை கிழிந்தால் எந்த ஊரிலும் வேறு கிடைக்கும்.

தையலைப் பற்றி நான்கு வரியாவது சொல்ல வேண்டும். நாடாவை வெட்டியதும் நுனியைத் தீக்குச்சியில் காட்டி, உருகி வரும்போதே கட்டைவிரலால் கத்தரிப் பிடி மேல் ஒரு அழுத்து, நூல் பிரியாது. தோள்பட்டை பையோடு சேருகிற இடத்தில் ஒரு கட்டம் போட்டு, அதற்குள் குறுக்கே பெருக்கல் குறி, அதன்மேல் மறுபடி நெருக்கமாக முன்னும் பின்னும் தையல். நைலான் நூல், பருத்தி இல்லை. உள் ஓரம் முழுக்கப் பைப்பிங் நாடா வைத்து மூடியிருக்கிறார், பிசிறு என்பதே கிடையாது. தைத்து முடித்ததும் பையைத் தரையில் போட்டு ஒரு காலால் மிதித்துக்கொண்டு தோள்பட்டையை இரண்டு கையாலும் மேலே இழுத்தார். முகம் சிவந்துவிட்டது. "போதும் பாய், நான் அவ்வளவு வெயிட் தூக்க மாட்டேன்" என்றேன். "நீங்க தூக்க மாட்டீங்க. ஏர்போர்ட்டுல எறியறவன் எறிவான்ல" என்றார்.

இனி அது அங்கே பட்ட பாடு. ஆப்பிரிக்கா என்றதும் எல்லோரும் வெயில் என்றார்கள். முலாஞ்சே தேயிலை நாடு. ஆப்பிரிக்காவில் முதன்முதலாகத் தேயிலையை வியாபாரமாகப் பயிரிட்ட இடங்களில் அதுவும் ஒன்று. தோட்டத்துக்கு மேலே நிற்கிற மலையின் உச்சி 3,002 மீட்டர், நம் தொட்டபெட்டாவை விட முந்நூற்றுச் சொச்சம் மீட்டர் கூட. ஜூன், ஜூலையில் மொசாம்பிக் பக்கமிருந்து சிப்பெரோனி என்று ஒரு குளிர்ச் சாரல் வந்து உட்கார்ந்துவிடும். சூரியனைப் பார்க்காமலேயே நாட்கள் போகும். எனக்கு அது புதிதாகவே தெரியவில்லை. ஒன்று மட்டும் வித்தியாசம், மலை நம் காலுக்கடியில் இல்லை, எதிரில் நிற்கிறது. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைக்கும் நிஜமான மழை. இரண்டுக்கும் பை தாங்கியது. பூஞ்சை பிடிக்கவில்லை, லைனிங்கைக் கழற்றிச் சோப்புப் போட்டுத் துவைத்துக்கொண்டேன்.

சைக்கிள் டாக்ஸியை அங்கே கபாசா என்பார்கள். பின் கேரியரில் ஒரு மெத்தை, அதில் நாம், நம் முதுகில் பை. உள்ளே கம்பிச் சட்டம் இல்லாத மெல்லிய பை என்பதால் உடம்போடு ஒட்டி உட்கார்ந்தது, வளைவில் பின்னால் இழுக்கவில்லை. கூட வேலை பார்த்த வெள்ளைக்காரப் பெண்ணின் அறுபத்தைந்து லிட்டர் மலையேற்றப் பையை ஏற்றியபோது சைக்கிளின் முன்சக்கரம் மேலே எழும்பிவிட்டது. பாவம், அவள் நடந்து வந்தாள், பை சைக்கிளில் வந்தது.

ஒரு தடவை ஜிப்பின் இழுப்பு உடைந்தது. அங்கே கடைத் திண்ணைகளில் தையல்காரர்கள் கால் மெஷினோடு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் கட்டுக் கம்பியை வளைத்து இழுப்பு மாட்டிக் கொடுத்துவிட்டார், கேட்ட காசு ஒரு சோளக்கதிர் விலை. வார்த்து ஒட்டிய பிளாஸ்டிக் பாகங்கள் உள்ள பை என்றால் அவரால் ஒன்றும் செய்திருக்க முடியாது. நூலும் நாடாவுமாக இருக்கிற சாமானை உலகத்தில் எந்தத் தையல்காரனும் சரி பண்ணுவான்.

பைக்குள் என்ன வைத்தேன் என்பதையும் சொல்லாவிட்டால் இந்த மதிப்புரைக்கு அர்த்தமில்லை. நாற்பது லிட்டர் போதும் போதாது என்பது உள்ளே போவதைப் பொறுத்தது.

அமைப்பு அனுப்பிய பட்டியல் மூன்று பக்கம். அதைப் பார்த்ததும் எனக்கு முன்னால் அங்கே இருந்த தன்னார்வலருக்கு மெயில் போட்டேன், கேரளாக்காரி. "நீங்க எதையெல்லாம் விட்டுட்டு வரப் போறீங்க?" என்று கேட்டேன். பதிலைப் பார்த்ததும் பட்டியலில் பாதி அடிபட்டது. கொசுவலை, பக்கெட், கெட்டில், இரண்டு போர்வை, மூன்று லிட்டர் குக்கர் எல்லாம் வீட்டில் இருந்தன. குக்கருக்கு கேஸ்கெட் மட்டும் இற்றுப்போய்விட்டதாம். மாடல் நம்பர் கேட்டு இரண்டு கேஸ்கெட்டும் ஒரு சேஃப்டி வால்வும் வாங்கிக்கொண்டேன். ஐம்பது கிராம் இருக்குமா? கரி அடுப்பில் பீன்ஸ் வேகவைக்கிற ஊரில் அந்த ஐம்பது கிராமுக்கு நான் கோயில் கட்டுவேன். கிளம்பப் போகிறவர்கள் துணிக்கடைக்குப் போவதற்கு முன்னால் இந்த மெயிலைப் போடுங்கள்.

பருப்பு, மசாலா தூக்க வேண்டாம். பிளாண்டயருக்கு ஒட்டிய லிம்பேயில் குஜராத்திக் குடும்பங்கள் தலைமுறையாகக் கடை வைத்திருக்கிறார்கள், துவரம்பருப்பு கிடைக்கும். புளியும் பெருங்காயமும் கொஞ்சமாக எடுத்துப் போனேன், பெருங்காயம் மூன்று பாலித்தீன் சுற்றியும் மணத்தது.

துணிமணி விஷயத்தில்தான் வெளிநாட்டுக்காரர்கள் சொல்கிற யோசனை நமக்கு உதவாமல் போகிறது. லேசாகப் போக வேண்டுமென்றால் சீக்கிரம் உலரும் செயற்கை இழைத் துணி வாங்கு என்று எல்லா இடத்திலும் எழுதி வைத்திருக்கிறார்கள். நானும் உள்ளாடை அப்படித்தான் வாங்க இருந்தேன். கேரளாக்காரிதான் தடுத்தாள். அங்கே புட்சி ஈ என்று ஒன்று உண்டு. வெளியே காயப்போட்ட ஈரத் துணியில் முட்டையிடும். அந்தத் துணியை அப்படியே உடுத்தினால் புழு தோலுக்குள் புகுந்துகொள்ளும். கொப்புளம் மாதிரி வீங்கி, நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி. அதுதான் புழு மூச்சு விடுகிற துளை. வாஸ்லைன் தடவி மூச்சை அடைத்தால் மேலே வரும், பிறகு பிதுக்கி எடுக்க வேண்டும். வார்டில் குழந்தைகளுக்கு எடுத்திருக்கிறேன். தப்பிக்க நம்பகமான வழி, காய்ந்த துணி ஒவ்வொன்றையும், உள்ளாடை, துண்டு, படுக்கை விரிப்பு உட்பட, மடிப்பு மடிப்பாகச் சூடாக இஸ்திரி போடுவது. கரண்டு இல்லாத நாளில் கரி இஸ்திரிப் பெட்டி. செயற்கை இழையில் அதை வைத்தால் துணி பெட்டியோடு போய்விடும். ஆகவே எல்லாம் பருத்தி: மூன்று சுடிதார், இரண்டு வார்டு உடுப்பு, பாண்டிச்சேரி காட்டன் நைட்டி ஒன்று, உள்ளாடை ஒரு வாரத்துக்கு. கூடவே பட்டுப் புடவை ஒன்று. மருத்துவமனையில் கல்யாணப் பத்திரிகை வந்தால் இந்தியாக்காரி புடவையில்தான் வர வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள், அதற்கு.

மற்றதெல்லாம் அங்கே வாங்கினேன். சிட்டேஞ்சி என்று இரண்டு மீட்டர் அச்சுத் துணி. பெண்கள் இடுப்பில் சுற்றுவதும் அதுதான், பிள்ளையை முதுகில் கட்டுவதும் அதுதான், பிரசவத்துக்கு வரும்போது குழந்தையைத் துடைத்துச் சுற்ற மடித்து எடுத்து வருவதும் அதுதான். எனக்கு அதுவே பாவாடை, போர்வை, ஜன்னல் திரை, ஊர் திரும்பும்போது பொட்டலத் துணி. குளிர் வந்ததும் கௌஞ்சிகா சந்தைக்குப் போனேன். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கழித்த துணி பேல் பேலாக வந்து குவியும் இடம். நல்ல கம்பளிக் கோட்டு ஒன்று நம் ஊர்ச் சாப்பாட்டு விலைக்குக் கிடைத்தது.

அதனால் ஸ்வெட்டர் இங்கிருந்து ஒன்றே ஒன்று. ஊட்டியில் திபெத்தியர்களின் கடை வரிசை இருக்கிறதே, பொட்டானிக்கல் கார்டன் பக்கம், அங்கே வாங்கினேன். அந்தக் கடைகளுக்கு என் மார்க்கு: சுமார். மெல்லிய ஃப்ளீஸ், கழுத்து வரை ஜிப், நன்றாகத்தான் உழைத்தது. ஆனால் கையால் பின்னியது என்று சொல்லி மெஷினில் பின்னியதையும் காட்டுகிறார்கள், திருப்பி உள்பக்கம் பார்த்து வாங்குங்கள். பேரம் பேசினால் குறைப்பார்கள், முகம் மாறாமல்.

பெண்களுக்கு ஒன்று. மாதவிடாய்க் கப் பழகிக்கொண்டு போங்கள், கிளம்புகிற மாதத்தில் இல்லை, ஆறு மாதம் முன்னாலேயே. இரண்டு வருஷத்துக்கு நாப்கின் அடுக்கினால் இந்தப் பையில் முக்கால்வாசி அதற்கே போகும்.

மருந்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மலேரியாவுக்கு டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் தினம் ஒன்று, மலேரியா உள்ள இடத்தை விட்டு வந்த பிறகும் நான்கு வாரம் தொடர வேண்டும். வெயில் பட்டால் தோல் எரியும், எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. டாக்டரிடம் கேட்டு உங்களுக்கு எது என்று முடிவு செய்யுங்கள். சீட்டு கையோடு இருக்கட்டும். என் பயணம் அடிஸ் அபாபா வழியாக என்பதால் மஞ்சள் காய்ச்சல் ஊசி கேட்டார்கள். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போட்டேன். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அதற்குச் சான்றாகத் தருகிற மஞ்சள் அட்டை செல்லும், டிக்கெட் போடுமுன் கணக்குப் பாருங்கள். ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் போதும். மூக்குக்கண்ணாடி இரண்டு ஜோடி கூடுதலாக. தலையில் மாட்டும் டார்ச் ஒன்று. கரண்டு போன நேரத்தில் தையல் போட எனக்கு அதுதான் கை கொடுத்தது. பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான் போக வேண்டும், நூறு வாட்-அவருக்குள், இருபதாயிரம் எம்.ஏ.ஹெச். என்றால் 74 வரும், பிரச்சினை இல்லை. பிளக் அங்கே மூன்று சப்பைக் கம்பி, இங்கிலாந்து மாதிரி. நம் உருண்டைக் கம்பி போகாது. அடாப்டர் அங்கேயே மலிவு.

அம்மாவோடு நடந்த யுத்தத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், எல்லோர் வீட்டிலும் நடக்கப்போவது. ஒரு கிலோ டீத்தூள், கோத்தகிரி ஃபேக்டரியில் சொல்லி வாங்கியது. "அம்மா, நான் போறதே டீ எஸ்டேட்டுக்குள்ள." "அது அவங்க டீ." வர்க்கி இரண்டு பாக்கெட், பிளாண்டயர் சேருவதற்குள் தூளாகிவிடும் என்றாலும் கேட்கவில்லை. நீலகிரித் தைலம் ஒரு பாட்டில். பிறகு ஒரு பித்தளைச் செம்பு. எங்கள் பாட்டி குடும்பம் 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கையிலிருந்து கப்பலில் ராமேஸ்வரம் வந்து, அரசுத் தேயிலைக் கழகமான டேன்டீயின் லைன் வீட்டில் குடியேறிய குடும்பம். கண்டிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியில் கொண்டுவந்ததுதான் மிச்சம். விட்டுவந்தது எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை. அந்த வீட்டில் வளர்ந்த அம்மாவிடம் "தேவைன்னா அங்க வாங்கிக்கலாம்" என்று சொன்னால் ஏறுமா? பையை எடுத்துக் கட்டில் மேல் வைத்து, "இதுக்குள்ள எது போகுதோ அதை நீயே வைம்மா" என்று விட்டுவிட்டேன். செம்பு வைத்தால் ஜிப் மூடவில்லை. அவராகவே எடுத்தார். டீத்தூள் கால் கிலோவாகி, தைலம் சின்ன பாட்டிலாகி உள்ளே போயின. என்னால் மறுக்க முடியாததைப் பை மறுத்துக் கொடுத்தது. நாற்பது லிட்டரில் தைக்கச் சொன்னதற்கு முதல் லாபம் அதுதான். (அங்கே போய்ச் சக நர்ஸ்களுக்கு அந்த டீயைப் போட்டுக் கொடுத்தேன். எங்கள் டீதான் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவிடம் சொல்லவில்லை.)

நிரப்பியபின் எடை பத்து கிலோவைத் தாண்டியது. இதைக் கவனியுங்கள்: பையின் அளவு கேபினுக்குப் பொருந்தினாலும் எடை ஏழு கிலோவுக்குள் நிற்பதில்லை. நான் பையை செக்-இன் போட்டுவிட்டு, சான்றிதழ் ஃபைல், மருந்து, மஞ்சள் அட்டை, ஒரு செட் துணி ஆகியவற்றை ஒரு ஜோல்னாவில் கையோடு வைத்துக்கொண்டேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. முதுகுப் பக்கம் காற்றோட்டம் கிடையாது. கோடையில் மினிபஸ்ஸிலிருந்து இறங்கினால் முதுகு தொப்பலாக நனைந்திருக்கும். பாதி நிரம்பிய பை தொளதொளவென்று கீழே தொங்குகிறது, பக்கவாட்டில் இறுக்கிக் கட்ட இரண்டு நாடா கேட்டு வாங்குங்கள். எனக்கு அது தோன்றவில்லை, அவரும் சொல்லவில்லை. தோள்பட்டைக்குள் வைத்த ஃபோம் மெலிசு, முதல் வருஷத்திலேயே சப்பையாகிவிட்டது. காப்பி நிறம் வெயிலில் வெளுத்து இப்போது டீ நிறம். புதிதில் தார்ப்பாய் வாசனை தலைவலி கொடுக்கும், ஒரு வாரம் வெளியே தொங்கவிட்டால் போய்விடும்.

கடையின் குறை வேறு. தேதி சொன்னால் அந்தத் தேதியில் கிடைக்காது. "நாளைக்கு சிஸ்டர்" என்பார், அந்த நாளை வருவதற்கு வாரக்கணக்காகும். மே மாதம் மலர்க் கண்காட்சி சீசனில் டூரிஸ்ட்களின் அறுந்த பைகள், ஜூனில் பள்ளிக்கூடப் பைகள். இந்த இரண்டு மாதமும் அந்தப் பக்கம் தலைவைக்காதீர்கள். கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்னால் போங்கள். கார்டு வாங்க மாட்டார், ஜி-பே உண்டு, அதுவும் மகன் நம்பருக்கு. பாதி முன்பணம். வெள்ளிக்கிழமை மதியம் பூட்டியிருக்கும். ஜிப் என்ன நம்பர், நாடா எத்தனை இன்ச் என்பதையெல்லாம் நீங்களே தாளில் எழுதி, போட்டோ எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் கொடுத்த தாளைத் தொலைத்துவிட்டு, "சிஸ்டர், நீங்க எங்க குடுத்தீங்க?" என்பார்.